ஒட்ட வந்தது முந்தி உருகுது

நான் முதன்முதலில் எழுதிய பாட்டில் கொலுசு வந்தது. கொலுசுச் சத்தம் கேட்டு நிலா எட்டிப் பார்ப்பது போல ஒரு வரி. எழுதி முடித்த ராத்திரியே பெருமையோடு அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அப்பா சேலம் சிவதாபுரம் பக்கம், வீட்டு முன்னறையையே பட்டறையாக்கி, முப்பது வருஷத்துக்கு மேலாக வெள்ளிக் கொலுசுக்குப் பத்த வைக்கிறவர், அதாவது துண்டுகளைச் சூடு காட்டி ஒட்டுகிறவர். சோற்றுத் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"இது எந்த ஊருக் கொலுசுடா?"

எனக்குப் புரியவில்லை.

"எங்கிட்ட இருக்கற கொலுசு எதுவும் சத்தம் போட்டதில்ல. சலங்கை வெக்கிறது அடுத்த வீடு. சத்தம் வர்றதுக்கு முன்னாலயே அது என்னை விட்டுப் போயிருது."

அவ்வளவுதான் சொன்னார், மோர் ஊற்றிக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. சேலத்துக் கொலுசு ஒரே வீட்டில் பிறப்பதில்லை. வெள்ளிக் கட்டியை உருக்கிக் கம்பியாக இழுப்பது ஓரிடம், கம்பியைச் சங்கிலியாகப் பின்னுவது ஓரிடம், துண்டுகளைப் பத்த வைப்பது ஓரிடம், சலங்கையும் கொக்கியும் சேர்ப்பது ஓரிடம், மெருகு போடுவது இன்னோரிடம் என்று தெருத் தெருவாக நடந்துதான் கடைக்குப் போய்ச் சேரும். பிறந்ததிலிருந்து நான் பார்த்தது இதைத்தான். ஆனால் பாட்டு என்று பேனாவை எடுத்ததும் என் கண்ணில் வந்தது பட்டறை இல்லை. ஏதோ ஒரு சினிமாவில் படியிறங்கி வந்த யாரோ ஒருத்தியின் கால். கொலுசு செய்கிற வீட்டுப் பையன், கொலுசைப் பற்றி எழுதும்போது அடுத்தவன் கண்ணைக் கடன் வாங்கியிருக்கிறேன்.

அதற்கப்புறம் ஏழெட்டு வருஷமாக எழுதுகிறேன். பகலில் லீ பஜார் பக்கம் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் பில் போடுகிற வேலை. இதுவரை கோயில் திருவிழா ஆல்பம், குறும்படம், ஒரு கல்யாண வீடியோ என்று இருபது இருபத்திரண்டு பாட்டு எழுதியிருப்பேன். இரண்டாயிரம் பேசிவிட்டு ஐந்நூறு கொடுத்தவர்களும் உண்டு, அதை விடுங்கள். அவற்றில் நாலைந்து பாட்டைத்தான் இன்றைக்கும் கூச்சமில்லாமல் போட்டுக் காட்டுவேன். அந்த நாலைந்து எப்படி வந்தது, மற்றவை ஏன் வீணாகப் போயின என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் செய்த முட்டாள்தனம், தடைப் பட்டியல். நிலா, தென்றல், மேகம், மயில், தேன், மல்லிகை, வானவில் இதெல்லாம் இனிமேல் என் பாட்டில் வராது என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி அடியில் கோடு போட்டேன். பலன்? நிலா இருந்த இடத்தில் நட்சத்திரம் வந்தது. மயில் இருந்த இடத்தில் குயில் வந்தது. பழைய வீட்டுக்குப் புதுப் பெயின்ட். வார்த்தையைத் தடை செய்து பயனில்லை, நான் பார்க்கிற இடம்தான் மாறவில்லை. இப்போது அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். நிலா வர வேண்டிய இடத்தில் வரட்டும், யாருடைய வீட்டுக் கூரைக்கு மேல் வருகிறது என்று எனக்குத் தெரிந்தால் போதும்.

பட்டியலுக்குப் பதிலாக இன்னொரு நோட்டு போட்டேன். அதில் பாட்டு வரியே எழுதுவதில்லை. பார்த்ததை மட்டும் எழுதுவது. 'ரேஷன் கடையில் ரேகை மிஷின் அப்பா விரலை ஏற்கவில்லை, நாலு தரம் துடைத்து வைத்தார்.' 'அக்கம்மாப்பேட்டையில்...' என்று ஆரம்பித்துப் பாதியில் நின்றவைகூட அதில் இருக்கும். உவமை கிடையாது, 'போல' கிடையாது. அந்த ரேகை விஷயம் இன்னும் எந்தப் பாட்டிலும் உட்காரவில்லை. மூன்று வருஷமாகக் காத்திருக்கிறது. பரவாயில்லை.

இனி அந்தக் குறும்படப் பாட்டுக்கு வருகிறேன். நான் கற்றுக்கொண்டது பெரும்பாலும் அந்த ஒரு பாட்டில்தான்.

இசை போடுகிற நண்பன் ஒருவன் அம்மாப்பேட்டையில் இருக்கிறான். திருவிழா ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிக்கிறவன். மாடியறையில் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி ஸ்டுடியோ வைத்திருக்கிறான். பக்கத்து வீடுகளில் விசைத்தறி ஓடுவதால் பகலில் அங்கே எதையும் பதிவு செய்ய முடியாது. தறி நின்ற பிறகு, ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் எங்கள் வேலை. அவன் ஒரு நாள் கூப்பிட்டு, "மாப்ள, கொலுசுப் பட்டறைல நடக்கற கதைடா. அப்பனும் மகனும் பேசிக்க மாட்டாங்க. நடுவுல அம்மா. ஒரே பாட்டு. உன்னை விட்டா யாரு எழுதுவா?" என்றான். எனக்குள் லேசாக ஒரு நடுக்கம். பட்டறை வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு நான் லாரி ஆபீஸுக்குப் போனபோது எங்கள் வீட்டிலும் எட்டு மாசம் அதேதான் நடந்தது. அவனுக்கு அது தெரியும்.

மெட்டைப் போட்டுக் காட்டினான். தத்தகாரத்தில் சொன்னால் இப்படி:

தன்ன தானன தன்ன தானன
தன்ன தானன தானா

பாட்டு எழுதப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மெட்டுக்கு எழுதுவது கணக்கு வேலைதான், பயப்பட ஒன்றுமில்லை. குறில் ஒன்று, நெடில் இரண்டு. குறிலுக்குப் பின்னால் புள்ளி வைத்த எழுத்து வந்து அடைத்தால் சந்தக் கணக்கில் அதுவும் இரண்டு. 'தன்ன' என்றால் இரண்டும் ஒன்றும் மூன்று. 'தானன' என்றால் இரண்டு, ஒன்று, ஒன்று, ஆக நான்கு. மூன்றும் நான்கும் ஏழு. கச்சேரிக்காரர்கள் இதைத்தான் மிஸ்ர சாபு தாளம் என்பார்கள். தகிட தகதிமி. லேசாக நொண்டி நொண்டி நடக்கிற நடை. பேசிக்கொள்ளாத அப்பன் மகன் கதைக்கு அந்த நொண்டல் பொருத்தமாகவே இருந்தது.

இதில் ஒரு சலுகையும் உண்டு. 'தானன' என்கிற இடத்தில் நெடிலோடு தொடங்கும் சொல்தான் வரவேண்டும் என்பதில்லை. 'உருகுது' என்று நாலு குறிலைப் போட்டாலும் கணக்கு நாலுதான். ஆனால் காதுக்கு அது வேறு. 'தானன' நின்று நடக்கும், 'உருகுது' வழுக்கிக்கொண்டு போகும். எந்த இடத்தில் நிற்க வேண்டும், எந்த இடத்தில் வழுக்க வேண்டும் என்பதைப் பொருள் சொல்ல வேண்டும். இது புரிய எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

மெட்டை மொபைலில் வாங்கிக்கொண்டு ஒரு வாரம் வண்டியில் போகும்போதெல்லாம் தன்ன தானன என்று முனகினேன். சூரமங்கலத்தில் சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். முதலில் வந்தது 'பட்டு'. பட்டு வந்தால் எதுகைக்குச் சிட்டு. அப்புறம் மொட்டு, மெட்டு, லட்டு. பத்து நிமிஷத்தில் பல்லவி முடிந்துவிட்டது. பட்டுச் சிட்டு மொட்டு என்று வாய் அதுபாட்டுக்கு ஓடுகிறது. அடுத்த நாள் காலையில் வாசித்தால், இதற்கும் கதைக்கும் என்ன சம்பந்தம்? பட்டறையில் எங்கே சிட்டு வந்தது?

தமிழில் எதுகை ஒரு கயிறு. நாம் அதைப் பிடித்திருக்கிறோம் என்று நினைப்போம், அது நம்மை இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருக்கும். இலக்கணம் எளிது: இரண்டாம் எழுத்து ஒன்றி வர வேண்டும், முதலெழுத்து அளவில் ஒத்திருக்க வேண்டும். கட்டு, பட்டு எதுகை. பாட்டு, கட்டு எதுகையாகாது, முன்னது நெடில், பின்னது குறில். ஆனால் எந்த எதுகைக்கும் ஏற்கெனவே நாலாயிரம் பேர் நடந்த ஒற்றையடிப் பாதை ஒன்று இருக்கிறது. பெயர்ச்சொல்லில் தொடங்கினால் கால் தானாக அந்தப் பாதையில் போய்விடும். பட்டு என்றால் மொட்டு, கண்ணே என்றால் பெண்ணே. நான் கண்டுபிடித்த வழி, வினைச்சொல்லில் தேடுவது. அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதை முதலில் எழுதிக்கொண்டு, அந்த வினைகளுக்குள் எதுகை இருக்கிறதா என்று பார்ப்பது. இல்லாவிட்டால் முதலெழுத்து ஒன்றி வருகிற மோனையோடு நிறுத்திக்கொள்வது.

அடிக்கடைசியில் வரும் இயைபும் ஏமாற்றும். போகிறேன், வாழ்கிறேன், தேடினேன், பாடினேன் என்று விகுதி ஒன்றாக இருப்பதால் எல்லாமே ஒலிக்கும். தமிழில் விகுதியால் வருகிற இயைபுக்குச் செலவே இல்லை. அதனால் அதற்கு மதிப்பும் இல்லை. அடிச்சொல்லே ஒன்றிக்கொண்டால்தான் காது நிமிரும்.

சரி, பட்டறையில் என்ன நடக்கிறது? தெரியும் என்று நினைத்தேன். தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பல வருஷத்துக்கப்புறம், அப்பா பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு வெள்ளி வளையங்களை இடுக்கியால் முட்ட வைத்து, இணைப்பில் வெங்காரம் தடவி, அதன்மேல் பற்றாசு என்கிற ஒட்டுப் பொடியைத் துளி தூவி, நெருப்புக் குழாயைத் திருப்பினார். உஸ் என்று நீலத் தீ. பொடி ஒரு நொடி சும்மா இருந்தது. அடுத்த நொடி கண்ணீர் போலப் பளபளத்து இடுக்குக்குள் ஓடிவிட்டது. வளையங்கள் அப்படியே இருந்தன.

"வெள்ளி உருகலையே?" என்றேன். முப்பது வருஷம் இதே வீட்டில் இருந்தவன் கேட்கிற கேள்வி.

"வெள்ளி உருகுனா கொலுசு எங்க இருக்கும்? வெள்ளிக்கு முன்னால இது உருகணும். ஒட்ட வெக்க வந்தது முந்தி உருகுனாத்தான் ரெண்டும் நிக்கும்."

வெள்ளி உருக 960 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். பற்றாசில் வெள்ளியோடு வேறு உலோகமும் கலந்திருப்பதால் அதற்குக் கொஞ்சம் முன்பாகவே இளகிவிடும். விஷயம் அவ்வளவுதான். ஆனால் அப்பா அதைச் சொன்னபோது சமையலறையில் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அந்த எட்டு மாசம், "அப்பா சாப்ட்டாரான்னு கேளு", "அவன் சம்பளம் வாங்கிட்டானான்னு கேளு" என்று இரண்டு பக்கமும் போய் வந்தவள். குறும்படத்து அம்மாவும் அதைத்தான் செய்கிறாள். எழுந்து போய் நோட்டை எடுத்தேன்.

ஒட்ட வந்தது முந்தி உருகுது
வெட்டி நின்னது சேர
கெட்டி யானது கெஞ்சி நிக்குது
திட்டி வச்சது தீர

ஒட்ட, வெட்டி, கெட்டி, திட்டி. நாலும் ட்ட எதுகை. பட்டு சிட்டு மொட்டும் ட்டதான். ஆனால் இது நடக்கிற காரியத்திலிருந்து வந்தது, அது அகராதியிலிருந்து வந்தது. 'உருகுது' சரியாக அந்த வழுக்குகிற இடத்தில் விழுந்தது தற்செயல். அதற்கு நான் பெருமை கொண்டாட முடியாது.

ஆனால் இந்த வடிவம் ஒரே மூச்சில் வந்துவிடவில்லை. இரண்டாம் அடியை முதலில் 'வெட்டி வச்சதை ஒட்டு' என்றுதான் முடித்திருந்தேன். எழுத்தில் நன்றாகத்தான் இருந்தது. நண்பன் மெட்டில் அந்தக் கடைசி இடம் நாலு எண்ணிக்கை நீள்கிறது. பாட வந்த பெண் அதைப் பாடியபோது 'ஒட்டூஊஊ' என்று மாட்டு வண்டிக்காரர் மாட்டை ஓட்டுகிற மாதிரி வந்தது. மூன்று பேரும் சிரித்தோம். 'டு', 'கு', 'து' என்று முடிகிற குற்றியலுகரத்துக்குச் சொந்த அளவே அரை மாத்திரைதான். அதை இழுத்தால் அது வேறு எழுத்தாகிவிடும். நீள்கிற இடத்தில் வாய் திறந்து நிற்கும் ஒலி வேண்டும். அகரத்தில் முடித்தால் பாடுகிறவர் அதை ஆகாரமாக இழுத்துக்கொள்வார். சேரா..., தீரா... என்று இழுக்கும்போது தொண்டை திறக்கிறது. இதை எந்த யாப்புப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை, பாடியவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அப்போதிருந்து, எழுதும் முன்பே மெட்டில் எங்கெங்கே நீள்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்கிறேன். அந்த இடங்களுக்கு மட்டும் சொல்லைக் கடைசி எழுத்திலிருந்து தேடுவேன்.

'பற்றாசு' என்கிற சொல்லைப் பாட்டில் வைக்க எனக்குக் கொள்ளை ஆசை. யாரும் பாட்டில் வைத்து நான் கேட்டதில்லை. ஒரு வடிவத்தில் வைத்தும் பார்த்தேன். ஆபீஸில் கூட இருப்பவரிடம் வாசித்தேன். "பட்டாசா?" என்றார். போச்சு. படிக்கிறவன் திரும்பிப் போய் இன்னொரு தரம் படிப்பான். பாட்டுக் கேட்கிறவனுக்கு அந்த வசதி கிடையாது, அவன் பட்டாசில் நிற்கும்போது பாட்டு சரணத்துக்குப் போயிருக்கும். அதனால் பேரை விட்டுவிட்டு அது செய்கிற காரியத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். தொழில் தெரிந்தவனுக்கு அது பற்றாசு. தெரியாதவனுக்கு நடுவில் நிற்கிற ஒரு மனுஷி.

சரணத்துக்கு இரண்டு வாரம் ஆயிற்று. நோட்டில் ஒரு குறிப்பு இருந்தது: 'கை கழுவின தண்ணீரை அப்பா கொட்ட மாட்டார்.' பட்டறையில் வேலை முடிந்து கை கழுவுகிற தண்ணீரை ஒரு டிரம்மில் விடுவார்கள். கையில் ஒட்டிய வெள்ளித் தூள் அடியில் தங்கும். மேல் தண்ணீரை வடித்துவிட்டு அந்த வண்டலைச் சேர்த்து வைத்து உருக்கினால் கொஞ்சம் வெள்ளி தேறும். சின்ன வயசில் நான் அந்த டிரம்மைக் கவிழ்த்துவிட்டு வாங்கிய அடி இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கைய கழுவின தண்ணி அடியில
கடுகு போலொரு வெள்ளி
ஐயன் திட்டின திட்டு அடியில
அதையும் சேக்கணும் அள்ளி

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அப்பாவை ஐயன் என்பார்கள். கைய, ஐயன் எதுகை. முதல் இரண்டடியில் கைய, கடுகு என்று மோனை, அடுத்த இரண்டடியில் ஐயன், அதையும். ஐகாரமும் அகரமும் மோனையில் சொந்தக்காரர்கள், இரண்டுக்கும் ஒத்துப்போகும். இகரத்துக்கு எகரம், உகரத்துக்கு ஒகரம், சகரத்துக்குத் தகரம், மகரத்துக்கு வகரம் என்று இந்தச் சொந்தம் தெரிந்திருந்தால் மோனைக்காக ஒரே எழுத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. அரைகுறையாக ஒலிக்கிற மோனைதான் பாட்டில் அழகு. அச்சடித்தது போல வந்தால் பட்டிமன்றத் தலைப்பு மாதிரி ஆகிவிடும்.

ஒரு குறையும் உண்டு, சொல்லிவிடுகிறேன். 'ஐயன்', 'அதையும்' இரண்டிலும் கடைசி மெய் கணக்கில் ஒன்று கூடுதல். மூன்று வர வேண்டிய இடத்தில் நாலு. மாற்றச் சொல் கிடைக்கவில்லை. பாடியவர் ன், ம் இரண்டையும் மூக்கிலேயே விழுங்கிக் கணக்கைச் சரிக்கட்டினார். மெல்லினம் என்பதால் பிழைத்தேன். அங்கே 'க்' 'ட்' இருந்திருந்தால் மெட்டு கல்லில் இடறியிருக்கும்.

நாலாம் அடியை முதலில் 'அன்பு கெடக்குது துள்ளி' என்று எழுதியிருந்தேன். நண்பன் கேட்டுவிட்டு, "மாப்ள, அன்புன்னு நீ சொல்லிட்டா நான் எதுக்குடா மியூசிக் போடணும்?" என்றான். கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து 'அன்பு' என்பதை அடித்துவிட்டு 'அதையும்' என்று எழுதினேன். 'அதையும்' என்றால் எதை? கேட்கிறவர் தேடிக்கொள்ளட்டும். ஒரு படிமத்தை வைத்துவிட்டு அடுத்த வரியில் அதற்குக் கோனார் உரை எழுதுகிற பழக்கம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை. இப்போதெல்லாம் சரணம் எழுதி முடித்ததும் அன்பு, பாசம், காதல், வலி, சோகம் என்று உணர்ச்சிக்குப் பேர் வைத்திருக்கிற சொற்களைச் சுற்றிக் கட்டம் போடுவேன். பாதிக்கு மேல் தேவைப்படாது.

இன்னொரு சரணத்தில் நடந்த கூத்து. மகன் பாடுகிற இடத்தில் 'எனக்கு அவ தாரம்' என்று ஒரு வரி. பேச்சில் ஒரு குழப்பமும் இல்லை. மெட்டில் 'அவ'வுக்கும் 'தார'த்துக்கும் நடுவில் மூச்சு விட இடமில்லை. ஹெட்போனில் கேட்டால் 'எனக்கு அவதாரம்'. பட்டறைக்காரன் மகன் திடீரென்று பத்து அவதாரத்தில் ஒன்றாகிவிட்டான். அந்தச் சரணமே போயிற்று. அதிலிருந்து, எழுதினதை எங்கேயும் இடைவெளி விடாமல் ஒரே நீட்டாக எழுதிப் பார்க்கிறேன், வேறு சொல்லாகப் பிரிந்துவிடுகிறதா என்று. சிரிப்பாக இருக்கும், ஆனால் இரண்டு மூன்று தரம் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா ஒருவர் சங்கப் புலவர்களின் பேர்களைச் சொல்லும்போது நாங்கள் சிரிப்போம். தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று ஒரு புலவர். நற்றிணையில் அவர் பாடிய பாட்டில், இரண்டு பக்கமும் யானைகள் பற்றி இழுக்கிற, புரி தேய்ந்த பழைய கயிறு ஒன்று வரும். வீட்டுக்குத் திரும்பச் சொல்லும் நெஞ்சுக்கும் எடுத்த வேலையை முடிக்கச் சொல்லும் அறிவுக்கும் நடுவில் பாட்டில் வருகிற தலைவனின் உடம்பு அந்தக் கயிறாகக் கிடக்கிறது. புலவரின் சொந்தப் பேர் தெரியவில்லை, கயிற்றை வைத்தே பேர் வைத்துவிட்டார்கள். அன்றைக்குச் சிரித்தேன். பற்றாசு வரி எழுதிய ராத்திரி அது ஞாபகம் வந்தது. அவரும் எங்கேயோ ஒரு பழைய கயிற்றைக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறார்.

இதெல்லாம் தெரிந்த பிறகாவது ஒழுங்காக எழுதினேனா என்றால், இல்லை. அடுத்த வருஷமே ஏற்காட்டில் எடுக்கிற ஒரு காதல் பாட்டு வந்தது. மலைப்பாட்டுக்கு மலைக்குப் போவோம் என்று பஸ் ஏறினேன். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில் வளைவைத் தாண்டும்போது ஒரு கும்பிடு போட்டேன். டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய ஸ்டுடியோ. கண்ணதாசன் வேலை பார்த்த இடம். இப்போது அந்த வளைவுதான் மிச்சம். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் நோட்டில் முகில், முகடு, முத்தம் என்று மோனை வரிசையாக நின்றுவிட்டது. ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே வாசித்துப் பார்த்தேன். பஸ் ஜன்னலில் பார்த்தவன் எழுதுகிற பாட்டு. மேலே வந்து இறங்கவே இல்லை.

அது ஏப்ரல் மாசம். முதல் கோடை மழை பெய்து சில நாளாகியிருந்தது. ஊரைத் தாண்டி நடந்தபோது ரோட்டோரக் காப்பித் தோட்டம் முழுக்க வெள்ளை வெளேரென்று பூ. கிளை தெரியாமல் அடுக்கடுக்காக. வாசனை கிட்டத்தட்ட மல்லிகை. தலையில் விறகோடு வந்த ஒரு அக்காவிடம், "எப்பக்கா பூத்துச்சு?" என்று கேட்டேன்.

"நேத்துதான் தம்பி. மழை பேஞ்சு பத்து நாளு ஆச்சில்ல? நாளான்னிக்கு வந்தா இருக்காது."

காப்பி மொட்டு மழை வரும் வரைக்கும் வாயை மூடிக்கொண்டு தூங்கும். மழை விழுந்த அன்றே பூக்காது. எட்டு பத்து நாள் கழித்து, தோட்டமே சொல்லி வைத்தது போல ஒரே நாளில் விரியும். இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். பழம் பறிக்க கார்த்திகை, மார்கழி ஆகிவிடும். பாட்டில் வருகிற பெண், அவன் கேட்ட கேள்விக்குப் பதிலே சொல்லாமல் போனவள். இதற்குமேல் என்ன வேண்டும்?

மழை கேட்ட கேள்விக்கு
மறுநாளே பதில் இல்ல
பத்து நாள் கழிச்சுத்தான்
பதில் வந்து வெளுக்குது

இதில் எதுகையைத் தேடவே இல்லை. மழை, மறுநாள், பத்து, பதில் என்று மோனை மட்டும் நடக்கிறது. 'காப்பிப் பூ' என்று பல்லவியில் ஒரு இடத்திலும் சொல்லவில்லை, படத்தில் கேமரா காட்டும். வெளுக்குது என்றால் பூ வெளுப்பதும்தான், பொழுது விடிவதும்தான். இந்த இரட்டைப் பொருள் பாடிக் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. கீழே இறங்கும்போது பஸ்ஸில் ஒரு வரிகூட எழுதவில்லை. தலை சுற்றுகிறது, அந்த வளைவுகளில் எழுத முடியாது.

குறும்படம் முடிந்ததும் பட்டறைப் பாட்டை அப்பாவுக்குப் போட்டுக் காட்டத் தைரியம் வரவில்லை. அம்மாதான் மொபைலை வாங்கிக்கொண்டு போய் அவர் பலகைமேல் வைத்துவிட்டு வந்தாள். நான் வாசல்படியில் உட்கார்ந்து செருப்பு வாரை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு முழுக்க ஓடியது. நெருப்புக் குழாய் அணைந்தே இருந்தது. முடிந்ததும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"தண்ணின்னு மட்டும் எழுதியிருக்க," என்றார் உள்ளேயிருந்து. "தண்ணில என்ன பெருசாத் தேறும்? கூட்டி வெக்கற மண்ணுலதான் வெள்ளி ஜாஸ்தி."

"அடுத்த பாட்டுல எழுதறேம்ப்பா."

"எழுது. மண்ணைக் கூட்டி ரோட்ல கொட்டற மாதிரி எழுதிராத. எவனாவது கேட்டுட்டுச் சிரிப்பான்."

உஸ் என்று தீ மறுபடி பிடித்தது.